ஒருவரே பேசுகிறார், மற்றவர்கள் இருட்டில்: ஸூம் பயிற்சி நடத்தும் வாசகிக்குப் பதில்

கேள்வி

நான் கொழும்பில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 31. யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, ஹட்டன் முதலிய கிளைகளின் தமிழ் பேசும் ஊழியர்கள் 28 பேருக்கு ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஸூமில் இரண்டு மணி நேரப் பயிற்சி நடத்துகிறேன். இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் புதிய மென்பொருளில் பதிவது எப்படி என்பதுதான் பாடம். ஒரு கிளையின் மூத்த உத்தியோகத்தர், இருபது ஆண்டுக்கு மேல் சேவை உள்ளவர், நான் யாரிடம் கேள்வி கேட்டாலும் தானே பதில் சொல்கிறார். பிறகு பழைய கதை தொடங்கும். "கொழும்பில் இருந்து பார்க்க எல்லாம் சரிதான், இங்கே நடைமுறைக்கு ஒத்துவராது" என்று முடிப்பார். மற்றவர்கள் கமெராவை மூடிவிட்டு அமைதியாக இருக்கிறார்கள். ஒருவர் பஸ்ஸில் இருந்தபடி சேருகிறார். போன வாரம் ஹட்டன் கிளைப் பெண் ஒருவர் சந்தேகம் கேட்டபோது, இளம் ஊழியர் ஒருவர் அவருடைய பேச்சு வழக்கைக் கிண்டல் செய்து சாட்டில் எழுதினார். சிலர் சிரிப்புப் படங்கள் போட்டார்கள். நான் காணாததுபோலப் பாடத்தைத் தொடர்ந்தேன். அதன் பிறகு அந்தப் பெண் வாய் திறக்கவில்லை. கண்டிப்பாக நடந்தால் திமிர் பிடித்தவள் என்கிறார்கள். விட்டுக்கொடுத்தால் தலையில் ஏறுகிறார்கள். என் மேலதிகாரியோ, "குழப்பம் செய்பவர்களின் பெயரைத் தாருங்கள், வெளியேற்றிவிடுங்கள்" என்கிறார். என்ன செய்வது?

வாசகி, வெள்ளவத்தை

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மனதை அதிகம் அரிப்பவர் அந்த மூத்த உத்தியோகத்தர் என்பது புரிகிறது. ஆனால் நான் ஹட்டன் பெண்ணிலிருந்து தொடங்குகிறேன். மற்றவை அடுத்த வாரம்வரை பொறுக்கும், இது பொறுக்காது. அந்தக் கேலி 28 பேர் முன்னால் நடந்தது. நீங்கள் ஒன்றும் சொல்லாமல் விட்டதும் அதே 28 பேர் முன்னால்தான். மட்டக்களப்பில் இருந்து சேர்ந்தவரும் மன்னாரில் பிறந்தவரும் அன்றைக்கே தங்கள் பேச்சையும் ஒருமுறை எடைபோட்டுப் பார்த்திருப்பார்கள். யாழ்ப்பாணத்தார் பேச்சு, மட்டக்களப்பார் பேச்சு, மலையகத்தார் பேச்சு என்று நம்மவர்கள் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்வது புதிதல்ல. நண்பர்களுக்குள் அது விளையாட்டாகவும் இருக்கலாம். அலுவலகப் பயிற்சியில், ஒருவர் தன் அறியாமையை வெளியே சொல்லிச் சந்தேகம் கேட்கும் நொடியில் அது விளையாட்டு ஆகாது. ஹட்டன் போன்ற தோட்டப் பகுதிகளின் மலையகத்தவர்மீது விழும் கேலிக்குப் பின்னால் எவ்வளவு நீண்ட வரலாறு நிற்கிறது என்பதை இலங்கையில் வாழும் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அந்த இடத்திலேயே என்ன செய்திருக்கலாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன், மறுபடி நடந்தால் உதவும். முதலில் கை போக வேண்டியது சாட் அமைப்புக்கு. ஸூமில் ஹோஸ்ட், அதாவது கூட்டத்தை நடத்துபவர், நினைத்தால் சாட்டை எல்லோருக்கும் திறந்து வைக்கலாம், ஹோஸ்டுக்கு மட்டும் எழுதும்படி குறுக்கலாம், முற்றாக மூடலாம். "ஹோஸ்டுக்கு மட்டும்" என்று மாற்றிவிட்டு, குரலை உயர்த்தாமல் இப்படிச் சொல்லுங்கள்: "சாட்டில் இப்போது வந்த ஒரு பதிவு இந்த வகுப்புக்கு ஏற்றதல்ல. ஒருவருடைய பேச்சைக் கேலி செய்ய இங்கே இடமில்லை. எழுதியவருடன் நான் பிறகு பேசுகிறேன். ஹட்டனில் இருந்து வந்த கேள்விக்கு வருவோம், இன்று வந்த கேள்விகளில் அதுதான் முக்கியமானது." இவ்வளவுதான். யார் எழுதினார் என்பது எல்லோருக்கும் தெரியும், பெயர் சொல்லத் தேவையில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்து "வருத்தப்படாதீர்கள் தங்கச்சி" என்று எல்லோர் முன்னாலும் தேற்றவும் கூடாது. அவருக்கு வேண்டியது இரக்கம் அல்ல, தன் கேள்விக்குப் பதில்.

அந்த நேரம் கடந்துவிட்டதால் எல்லாம் முடிந்துபோகவில்லை. இந்தக் கடிதத்தைப் படித்தவுடன் அந்த இளைஞரைத் தொலைபேசியில் அழையுங்கள். வட்ஸ்அப்பில் எழுத வேண்டாம். எழுத்தில் கண்டித்தால் அதன் படம் மாலைக்குள் நாலு குழுக்களுக்குப் போய்விடும். "தம்பி, வியாழக்கிழமை நீங்கள் சாட்டில் எழுதியது பற்றிப் பேச வேண்டும். உங்களுக்கு அது பகிடியாகத் தெரிந்திருக்கலாம். அதன் பிறகு அந்தப் பிள்ளை பேசவேயில்லை, கவனித்தீர்களா? இன்னொரு முறை நடந்தால் உங்களை வகுப்பில் இருந்து நீக்கிவிட்டு மனிதவளப் பிரிவுக்கு அறிவிப்பேன். அதை இப்போதே சொல்லிவைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் பேச இடம் கொடுங்கள். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் வெட்கப்படுவார்கள். திரையில் பெயர்கள் மட்டும் வரிசையாகத் தெரியும்போது, எதிரே இருப்பவரின் முகம் வாடுவது தெரிவதில்லை. நேரில் சொல்லத் துணியாததை அதனால்தான் விரல் எழுதிவிடுகிறது. இணையத்தில் இப்படி மனத்தடை தளர்ந்துபோவதை உளவியலாளர் ஜோன் சுலர் 2004ஆம் ஆண்டிலேயே விரிவாக ஆராய்ந்து எழுதினார். இது அந்தத் தம்பியின் செயலுக்கு விளக்கம் மட்டுமே. மன்னிப்பாக அதை எடுத்துக்கொள்ள விடாதீர்கள்.

பிறகு ஹட்டன் பெண்ணுக்கு ஒரு அழைப்பு. நடவடிக்கை எடுத்தாயிற்று என்று சொல்லுங்கள். அவர் என்ன விரும்புகிறார் என்று கேளுங்கள். அந்தத் தம்பி மன்னிப்புக் கேட்பது அவருக்கு வேண்டுமா, தனியாக வேண்டுமா, அல்லது இந்தப் பேச்சே மறுபடி வரக்கூடாதா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வைப்பது, பாதிக்கப்பட்டவரை இரண்டாம் முறை மேடையில் ஏற்றுவதாகவே பல நேரம் முடிகிறது. அடுத்த வகுப்பின் தொடக்கத்தில் நீங்கள் விதியை மட்டும் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டு மேலே போங்கள்.

இன்னொரு விஷயத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பங்குபற்றுநர்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் தனிச் செய்திகள் ஹோஸ்டின் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே தனிச் செய்தி வசதியை நிறுத்திவைப்பதே நல்லது. ஒரு பெண்ணுக்கு அந்த வழியில் ஆபாசமான எதுவும் வந்தால், அது பயிற்றுநர் சமாளிக்கும் எல்லையைத் தாண்டிவிட்டது. அந்தத் திரையை அப்படியே படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். பாலியல் தொந்தரவு நம் நாட்டில் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்கீழ் குற்றம். சொற்களால் செய்தாலும் குற்றம்தான்.

இனி உங்கள் மூத்தவர்.

நேரடிச் செயலமர்வுகளில் இப்படியானவர்களை நாங்கள் எப்படிச் சமாளிப்போம்? பேசிக்கொண்டே அவர் மேசைக்கு அருகில் போய் நிற்போம். அவரைப் பார்க்காமல் மறுபக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கேள்வி கேட்போம். அதற்கும் அடங்காவிட்டால் தேநீர் இடைவேளை இருக்கிறது. கோப்பையைக் கையில் கொடுத்து, "சேர், உங்கள் அனுபவம் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்" என்று ஒரு மூலைக்கு அழைத்துப் போவோம். பத்து நிமிடத்தில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். 2020 ஊரடங்கில் எல்லோரும் அவசரமாக ஸூமுக்கு மாறினோம். 2022இல் எரிபொருள் இல்லாமல் போனபோது அதுவே பழக்கமாகி நிலைத்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் இருந்து இரவு பஸ் ஏறிக் கொழும்புக்கு வரும் அலைச்சலும் விடுதிச் செலவும் மிச்சமானதில் நிறுவனங்களுக்கு மகிழ்ச்சி. அந்த மிச்சத்தோடு தேநீர் இடைவேளையும் போய்விட்டது என்பதை யாரும் கணக்கில் எழுதவில்லை. இணையவழியில் வரும் ஒழுங்குப் பிரச்சினைகளில் பெரும்பகுதி, நேரில் என்றால் தேநீர் வேளையில் தீர்ந்திருக்கக்கூடியவை என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே அந்த இடைவேளையை நீங்கள் உண்டாக்க வேண்டும். அதற்கு உங்களிடம் இருக்கும் கருவி தொலைபேசி.

வியாழக்கிழமைக்கு முன்னதாக, திங்கள் அல்லது செவ்வாய் மாலையில் அழையுங்கள். வகுப்பன்று காலையில் அழைத்தால் வாயை மூடச் சொல்லத்தான் அழைக்கிறீர்கள் என்று தோன்றும். முறைப்பாட்டுடன் தொடங்காதீர்கள். புகழ்ச்சியுடனும் தொடங்காதீர்கள். மூத்தவர்கள் வெற்றுப் புகழ்ச்சியை எளிதில் மணந்துபிடித்துவிடுவார்கள். உண்மையான ஒரு கேள்வியுடன் தொடங்குங்கள். "சேர், நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொன்னீர்கள். எந்தப் படியில் சிக்குகிறது என்று எனக்குச் சரியாகத் தெரிய வேண்டும்" என்று கேளுங்கள். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு எழுதுங்கள்.

இதை நான் தந்திரமாகச் சொல்லவில்லை. அவர் சொல்வது சரியாகவும் இருக்கக்கூடும். வெள்ளத்தில் வீடு போனவர் அடையாள அட்டை இல்லாமல் கிளைக்கு வந்து நிற்கிறார், மென்பொருள் அடையாள அட்டையின் படம் இல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவிடாது என்று வைத்துக்கொள்வோம். கொழும்பில் இருந்து அந்த மென்பொருளை வாங்கியவர்களுக்கு இது தெரியாது. முன்வரிசையில் நிற்கும் அவருக்குத் தெரியும். "ஒத்துவராது" என்ற பொதுச் சொல்லுக்குள் இப்படிப்பட்ட இரண்டு மூன்று உண்மையான சிக்கல்களும், இருபது ஆண்டு தாளில் எழுதிச் சேர்த்த கெட்டித்தனம் ஒரே நாளில் செல்லாக்காசாகிவிட்டதே என்ற மனக்குறையும் கலந்து கிடக்கும். முதலாவதைத் தலைமை அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். இரண்டாவதைப் பற்றி நீங்கள் பேச வேண்டியதில்லை, காது கொடுத்தாலே போதும்.

உரையாடலின் பிற்பகுதியில்தான் உங்கள் வேண்டுகோள் வர வேண்டும். "சேர், ஒவ்வொரு வகுப்பிலும் கடைசிக்கு முந்திய பத்து நிமிடம் உங்களுக்கு. களத்தில் வந்த ஒரு சிக்கலை நீங்கள் சொல்லுங்கள், எல்லோரும் சேர்ந்து தீர்ப்போம். அதுவரை மற்றவர்கள் பேசட்டும். நீங்கள் பதில் சொன்னபிறகு இளையவர்கள் வாய் திறக்கத் தயங்குகிறார்கள்." கடைசி வசனம் முக்கியமானது. அது அவரைக் குறை சொல்லவில்லை, ஆனாலும் உண்மை. பெரும்பாலான மூத்தவர்கள் இதைக் கேட்டு ஒரு கணம் அமைதியாகிவிடுவார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கூட்டம் நடத்துவது பற்றிய புத்தகங்களில் ஒரு பரிந்துரை வரும்: தொல்லை தருபவருக்குப் பொறுப்பைக் கொடுங்கள், அடங்கிவிடுவார் என்று. பொறுப்புக் கொடுங்கள், சரி. கோ-ஹோஸ்ட் (இணை நடத்துநர்) பதவியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த நிமிடம் அவர் மற்றவர்களை மியூட் செய்யத் தொடங்கிவிடுவார்.

வகுப்பு நடக்கும்போது அவர் மறுபடி தொடங்கினால்? அப்போது நீங்கள் இடைமறிக்கத்தான் வேண்டும். இடைமறிப்பது மரியாதைக் குறைவு என்று நாங்கள் வளர்க்கப்பட்டிருக்கிறோம், அதுவும் பெண்பிள்ளைகளுக்கு இரண்டு மடங்காகச் சொல்லி வளர்க்கிறார்கள். ஆனால் கலியாணப் பந்தியில் பரிமாறுகிறவர் ஒரே இலைக்கு முன்னால் நின்றுவிட்டால் மற்ற இலைகளின் கதி என்ன? உங்கள் கடமை 28 இலைகளுக்கும்.

எப்படி இடைமறிப்பது என்பதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கலும் இருக்கிறது. நேரில் பேசும்போது ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளி மிகச் சிறியது. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வொன்று, அது சராசரியாக வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவே என்று காட்டியது. இணையத்தில் ஒலி வந்து சேரும் தாமதமே சில வேளை அதற்குச் சமமாகிவிடுகிறது, மலைப்பகுதியில் சிக்னல் பலவீனமானால் அதையும் மிஞ்சிவிடும். அதனால் பணிவாகக் காத்திருப்பவருக்கு இடைவெளி கிடைப்பதே இல்லை. தயங்காமல் பேசுகிறவருக்கே வாய்ப்பு மறுபடி மறுபடி போய்ச் சேரும். உங்கள் மூத்தவர் ஓரளவுக்கு இந்தத் தாமதத்தின் உற்பத்தி. எனவே அவர் மூச்சு எடுக்கும் இடத்துக்குக் காத்திருக்காதீர்கள். முதலில் பெயரைச் சொல்லுங்கள், ஒரு வினாடி விடுங்கள், பிறகு வசனத்தைச் சொல்லுங்கள். தன் பெயர் காதில் விழுந்தால் யாரும் நிற்பார்கள். "... சேர், அந்த இடத்தில் நிறுத்துகிறேன். இதை உங்கள் பத்து நிமிடத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன். இப்போது வவுனியா." உங்கள் பெயர்ப் பட்டியலில் அடுத்தது யார் என்பது முன்கூட்டியே உங்கள் கையில் இருக்க வேண்டும். இடைமறித்துவிட்டு "வேறு யாராவது?" என்று கேட்டால் மறுபடியும் அவர்தான் வருவார்.

மியூட் பட்டனை அவருக்கு எதிராக ஒருபோதும் எடுக்காதீர்கள். அது பஸ் இரைச்சலுக்கும், பக்கத்து வீட்டு நாய்க்கும், கோயில் ஒலிபெருக்கிக்கும் உரியது. பேசிக்கொண்டிருக்கும் மூத்த மனிதரின் குரலை நடுவில் துண்டித்தால் அந்த அவமானத்தை அவர் ஓய்வுபெறும்வரை மறக்கமாட்டார். மற்றவர்களும், நாளை நமக்கும் இதுதான் என்று ஒதுங்கிக்கொள்வார்கள். துண்டிக்க மட்டும்தான் உங்களால் முடியும், திரும்பத் திறந்துவிட முடியாது. மைக்கைத் திறக்கும்படி கேட்கலாம், அவர் சம்மதித்தால்தான் திறக்கும். வகுப்பு முடியும்வரை அவர் சம்மதிக்கமாட்டார் என்று நான் பந்தயம் கட்டத் தயார்.

"கண்டிப்பாக நடந்தால் திமிர் பிடித்தவள் என்கிறார்கள்" என்று எழுதியிருந்தீர்கள். இதையே ஓர் ஆண் செய்தால் "கண்டிப்பான மனிதர்" என்பார்கள். அநியாயம்தான். இந்த அநியாயம் அடுத்த வியாழக்கிழமைக்குள் தீராது. உங்களால் செய்யக்கூடியது, விதியை முன்கூட்டியே சொல்லிவிடுவதும் எல்லோருக்கும் ஒரே அளவில் பிடிப்பதும். முதல் நாள் இரவே வட்ஸ்அப் குழுவில் மூன்று வரி போதும்: ஒருவர் ஒரு முறைக்கு இரண்டு நிமிடம் பேசலாம், பேச விரும்புபவர் கை உயர்த்தும் அடையாளத்தைப் போடுவார், யாருடைய பேச்சையும் தோற்றத்தையும் பற்றி யாரும் எதுவும் எழுதமாட்டார். பத்து விதி போட்டால் ஒன்றையும் படிக்கமாட்டார்கள். இரண்டு நிமிடம் ஆனதும் கிளை முகாமையாளரையும் நிறுத்துங்கள், நேற்றுச் சேர்ந்த பிள்ளையையும் நிறுத்துங்கள். சில வாரங்களில் அது உங்கள் குணமாகத் தோன்றாமல் வகுப்பின் ஒழுங்காகத் தோன்றத் தொடங்கும்.

கமெரா பற்றி என் கருத்து உங்கள் மேலதிகாரிக்குப் பிடிக்காது. கமெராவை மூடியிருப்பது ஒழுங்கீனம் அல்ல. அலிசன் கப்ரியேல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் 103 ஊழியர்களை நான்கு வாரம் வைத்து நடத்திய களப் பரிசோதனை 2021இல் வெளியானது. கமெராவைத் திறந்திருந்த நாட்களில் சோர்வு கூடியது, பெண்களுக்கும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் அது இன்னும் கூடியது, சோர்ந்தவர்கள் கூட்டத்தில் பேசுவதும் குறைந்தது என்று அவர்கள் கண்டார்கள். மாணவர்கள் ஏன் கமெராவைத் திறப்பதில்லை என்று கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கேட்டுப் பார்த்தபோது, அதிகமாக வந்த பதில் தங்கள் தோற்றம் பற்றிய கூச்சம். பின்னணியில் வீட்டாரும் வீடும் தெரிவது, இணைப்பின் வேகம் போன்றவையும் சொல்லப்பட்டன. அமெரிக்க மாணவருக்கே அப்படியென்றால், ஒரே அறையில் பிள்ளை படிக்க, மாமியார் தொலைக்காட்சி பார்க்க, தன் கைத்தொலைபேசி டேட்டாவில் உங்கள் வகுப்பில் சேரும் நம் பெண்ணிடம் முகத்தைக் காட்டு என்று வற்புறுத்துவது எப்படி? தொடக்கத்தில் வணக்கம் சொல்லும் ஐந்து நிமிடமும், சிறு குழுக்களிலும் முடிந்தவர்கள் திறக்கட்டும். மற்ற நேரத்தில் விட்டுவிடுங்கள்.

உங்களை வாட்டுவது கமெரா அல்ல, அமைதி. கமெராவைத் திறந்துவைத்தாலும் அந்த அமைதி போகாது, 28 முகங்களுடன் அமைதியாக இருப்பார்கள். கேள்வி கேட்டபிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடியே காத்திருந்தார்கள். மூன்று வினாடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். அது நேரடி வகுப்பு. ஸூமில் பட்டனைத் தேடி மைக்கைத் திறக்கவே அந்த நேரம் போய்விடும். உங்கள் ஒரு வினாடி அமைதியில் விரைந்து நுழைபவர் யார் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

அதனால் வாய்மொழிக் கேள்வியைக் குறையுங்கள். எனக்கு மிகவும் பிடித்த முறை ஒன்று உண்டு. எல்லோரும் பதிலைச் சாட்டில் எழுதுங்கள், ஆனால் நான் சொல்லும்வரை அனுப்பாதீர்கள் என்று சொல்லுங்கள். ஒரு நிமிடம் கழித்து "அனுப்புங்கள்" என்றால் இருபதுக்கு மேற்பட்ட பதில்கள் ஒரே நேரத்தில் கொட்டும். முதல் பதிலைப் பார்த்து மற்றவர்கள் மாற்றிக்கொள்ள முடியாது, யாரும் முந்திக்கொள்ளவும் முடியாது. ஹட்டன் பெண்ணின் பதிலும் மூத்தவரின் பதிலும் ஒரே அளவு எழுத்தில் அடுத்தடுத்து நிற்கும். இரண்டையும் பெயர் சொல்லி வாசியுங்கள். சாட்டை இந்தப் பயிற்சியின்போது மட்டும் எல்லோருக்கும் திறந்துவிட்டு மறுபடி குறுக்கிவிடலாம்.

நேரடியாக ஒருவரைக் கேட்பதானால் முன்னறிவித்துக் கேளுங்கள். "இந்தப் பக்கத்தை விளக்கி முடித்ததும் மட்டக்களப்பிடம் கேட்பேன்" என்றால் மட்டக்களப்பு ஆயத்தமாக இருக்கும். திடீரென்று பெயர் சொல்லிப் பிடிப்பது பள்ளிக்கூட வாத்தியார் வேலை, வளர்ந்தவர்களிடம் அது கசப்பையே வளர்க்கும்.

28 என்ற எண்ணிக்கையையும் நான் கேள்வி கேட்பேன். பிப் லட்டானேயும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1979இல் வெளியிட்ட பரிசோதனையில், தனியாகக் கைதட்டும்போது எழுப்பிய ஓசையை அதே மனிதர் கூட்டத்தில் எழுப்பவில்லை. கூட்டம் பெருகப் பெருக ஒவ்வொருவரும் தன் பங்கைக் குறைத்துக்கொண்டார். உங்கள் 28 பேரும் அதைத்தான் செய்கிறார்கள். பதினான்கு பேராகப் பிரித்து ஒவ்வொரு மணி நேரமாக இரண்டு வகுப்பு நடத்துங்கள். உங்கள் நேரம் கூடாது. பங்குபற்றுநர் ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம் மிச்சம். மேலதிகாரியிடம் பேசும்போது இந்தக் கணக்கையே முன்வையுங்கள், அவருக்குப் புரியும் மொழி அது. பிரிக்க அனுமதி கிடைக்கவில்லையென்றால் வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரிக்கும் ஸூமின் பிரேக்அவுட் அறைகளை நம்புங்கள். ஓர் அறைக்கு நான்கு பேர், கையில் ஓர் உண்மையான கோரிக்கைப் படிவம், பன்னிரண்டு நிமிடம், திரும்பி வரும்போது சொல்ல வேண்டிய ஒரே ஒரு பதில். மூத்தவரை அவர் வயதையொத்த இருவருடன் போடுங்கள். அவர் கதையை அவர்கள் ஏற்கெனவே கேட்டிருப்பார்கள், தாங்களே நிறுத்திவிடுவார்கள்.

பஸ்ஸில் இருந்து சேருபவரை விட்டுவிடுங்கள். களத்துக்குப் போகிறவர் போலிருக்கிறது. அவருக்கு எந்த நாள் வசதி என்று கேட்டு மற்றப் பிரிவில் போடலாம், இல்லையென்றால் அன்றைய பாடத்தின் சுருக்கத்தை அனுப்பலாம். சேராமலே இருந்திருக்கக்கூடியவர், சேர்ந்தாரே.

மேலதிகாரி வகுப்பில் பெயர் காட்டாமல் வந்து உட்காருவதுண்டா? உண்டென்றால் வகுப்பின் அமைதிக்கு அதுவும் ஒரு காரணம். முதல் பத்து நிமிடம் தன் பெயரோடும் முகத்தோடும் வந்து, இந்தப் பயிற்சி ஏன் தேவை என்று அவரே சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். வளர்ந்தவர்களுக்கு ஏன் என்பது தெரியாமல் எப்படி என்பது ஏறாது. யார் கவனிக்கவில்லை என்று காட்டும் வசதி ஸூமில் இருக்கிறதாமே என்று அவர் கேட்கக்கூடும், பல அதிகாரிகள் கேட்கிறார்கள். முன்பு இருந்தது. ஸூம் ஜன்னலை விட்டு வேறு ஜன்னலுக்குப் போனவர்களை அது காட்டிக்கொடுத்தது. கண்டனம் எழுந்து 2020 ஏப்ரலில் நிறுவனமே அதை நீக்கிவிட்டது. பதிவு செய்து பார்க்கலாம் என்பார் அடுத்ததாக. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்ட நாட்டில், எதற்காகப் பதிவு செய்கிறோம், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம் என்று முதலில் ஊழியரிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்கு நினைவூட்டுங்கள். தவறு செய்பவரைப் பிடிக்கப் பதிவு செய்கிறோம் என்று தெரிந்தால் சந்தேகம் கேட்கும் கடைசி ஆளும் மைக்கை மூடிவிடுவார்.

பெயர்ப் பட்டியல் கேட்டிருக்கிறார் அல்லவா? சாட்டில் நடந்த கேலியையும் மூத்தவரின் விஷயத்தையும் பிரித்துக் கையாளுங்கள். சாட்டில் நடந்த கேலியைத் திகதி, நேரம், எழுதப்பட்ட வரி, நீங்கள் பேசிய விவரம் ஆகியவற்றோடு ஒரு சிறு குறிப்பாக மனிதவளப் பிரிவுக்கு இப்போதே கொடுத்துவையுங்கள். தண்டனை கேட்டு அல்ல, மறுபடி நடந்தால் இது இரண்டாவது முறை என்று காட்ட. மூத்த உத்தியோகத்தரின் பெயரை எந்தப் பட்டியலிலும் சேர்க்காதீர்கள். அவர் தொலைபேசியில் சொல்லப்போகும் மென்பொருள் சிக்கல்களை மட்டும் அவர் பெயருடனேயே தலைமை அலுவலகத்துக்கு எழுதி, ஒரு பிரதியை அவருக்கும் அனுப்புங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும், நீங்கள் எழுதியதை அவருடைய பத்து நிமிடத்தில் அவரையே வாசிக்கச் சொல்லுங்கள்.